எஸ்டேட் டவுனில் ஒரு கொலைக்கதை: துப்பறியும் நாவல் எழுத முழுமையான வழிகாட்டி

மலேசியாவில் வயதான இரண்டு தமிழர்கள் முதன்முறையாகச் சந்தித்தால், பெயரைக் கேட்கும் முன்பே ஒரு கேள்வி வந்துவிடும்: "நீங்க எந்த எஸ்டேட்டு?" பதில் சொல்லி ஐந்து நிமிடம் ஆவதற்குள் அந்தத் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி யார், ஆட்களை மேய்த்த தண்டல் யார், எந்த வீட்டுப் பெண் யாரோடு ஓடிப்போனாள் என்பது வரை பேச்சு போய்விடும். இப்படிப்பட்ட ஊரில் ஒரு கொலை நடந்தால் யார் செய்தது என்பது எத்தனை நாள் ரகசியமாக இருக்கும்? மிஞ்சிப்போனால் ஒரு நாள்.

எஸ்டேட் டவுனை வைத்துத் துப்பறியும் கதை எழுத வருகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். ஊருக்கே தெரிந்த விஷயத்தை இன்ஸ்பெக்டர் மட்டும் முந்நூறு பக்கம் தேடிக்கொண்டிருப்பார். வாசகருக்குக் கொட்டாவி வந்துவிடும். என்னிடம் படிக்கக் கொடுக்கப்பட்ட கையெழுத்துப் பிரதிகளில் பாதிக்கு மேல் இந்த வியாதிதான். என் முதல் முயற்சிக்கும் இதே வியாதி இருந்தது.

நம் ஊர்க் கதையில் "யார்" என்ற கேள்விக்கு அதிக ஆயுள் கிடையாது. "தெரிந்தவர்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை" என்ற கேள்விதான் கடைசி வரை தாங்கும். இன்னும் ஒரு படி மேலே போகலாம்: செத்துப்போனவருக்கே கொன்றது யார் என்று தெரியும், சொல்ல நாளும் இருந்தது, ஆனாலும் அவர் சொல்லவில்லை. ஏன்? இந்த ஒரு முடிச்சை வைத்து ஒரு மாதிரிக் கதையைக் கட்டிக் காட்டுகிறேன். பக்தி, குற்ற உணர்ச்சி, பழிவாங்கல் மூன்றும் அதில் தானாக வந்து உட்காரும். கதையைப் பிரித்துப் பாருங்கள், அப்புறம் உங்களுடையதைக் கட்டுங்கள்.

முதல் படி: ஊரை நடந்து பாருங்கள்

எஸ்டேட் என்றதும் லயத்து வீடு, கித்தா என்கிற ரப்பர் மரம், பால் சுமக்கும் காண்டா வாளி, வெள்ளைக்காரத் துரை என்று 1950ஆம் ஆண்டுக்குப் போய்விடாதீர்கள். இன்றைக்குக் கதை நடக்கிறது என்றால் காட்சி வேறு. பெரும்பாலான கித்தாக் காடுகள் செம்பனை ஆகிவிட்டன. லயத்து வீடுகள் இடிக்கப்பட்டிருக்கும், அல்லது அவற்றில் வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்கள் இருப்பார்கள். நம் ஆட்கள் பக்கத்து டவுனில் இருக்கும் தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, வந்து பல வருஷம் ஆகியிருக்கும்.

சுங்கை சிப்புட், பீடோர், காப்பார் மாதிரி ஏதாவது ஓர் ஊரில் இறங்கி காலை ஆறு மணியிலிருந்து இரவு வரை நடந்து பாருங்கள். இரண்டு வரிசைக் கடைவீடுகள், அவற்றின் முன்னால் அஞ்சடி நடைபாதை. ஓர் அடகுக்கடை, இந்திய முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மாமாக் கடை, ஒட்டுப்பாலை, அதாவது மரத்தில் காய்ந்து ஒட்டிய ரப்பர் பாலை, எடைபோட்டு வாங்கும் ஒரு சீனர் கடை. அந்த ஒட்டுப்பால் நாற்றம் மூக்கில் ஏறினால்தான் உங்கள் கதைக்கு ஊர் கிடைத்ததாக அர்த்தம். சிறு தோட்டம் வைத்திருப்பவர்கள் இன்னும் பால் வெட்டுகிறார்கள். கடைக்காரருடைய கணக்குப் புத்தகத்தில் எந்தத் தேதியில் யார் எத்தனை கிலோ போட்டார்கள் என்று இருக்கும். அந்தப் புத்தகத்தை இப்போதே மனதில் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

தாமானில் ஐந்தாறு தோட்டத்து ஆட்கள் ஒன்றாகக் கலந்திருப்பார்கள். ஆனால் கோயில் நிர்வாகத் தேர்தல் வந்தால் யார் எந்தத் தோட்டம் என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். ஊர்ப் பெயர்களிலும் இது உண்டு. பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது, பழைய ஆட்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். யார் பழைய பெயரைச் சொல்கிறார், யார் புதிய பெயரைச் சொல்கிறார் என்பதிலேயே வயதைக் காட்டிவிடலாம்.

கதைக்கான ஊருக்கு நீங்களே ஒரு பெயர் வையுங்கள். உண்மையான ஊரின் பெயரைப் போட்டு, அந்த ஊர்க் கோயில் பொருளாளரைக் கொன்றால், மறுநாள் போன் வரும்.

இரண்டாம் படி: பாவத்துக்கு ஆண்டு குறியுங்கள்

பழிவாங்கும் கதையில் இரண்டு கடிகாரங்கள் ஓடும். ஒன்று இன்றைக்கு நடக்கும் கொலை. இன்னொன்று அன்றைக்கு நடந்த பாவம். இரண்டாவதின் தேதியைத் துல்லியமாக வைக்காவிட்டால் முதலாவது தள்ளாடும். வயதுக் கணக்கு இடிக்கும்.

தோட்டத்து வரலாற்றில் இதற்கு இடமா இல்லை? ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில் பாதைக்கு ஆள் பிடித்தார்கள். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. போனவர்களில் ஆயிரக்கணக்கானோர் திரும்பவில்லை. பெயர்ப்பட்டியலை எழுதிக் கொடுத்த கை யாருடையது? இது 1950களில் நடக்கும் கதைக்குப் பொருந்தும், இன்றைய கதைக்கு ஒத்துவராது. எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கமாட்டார், போனவரின் பிள்ளைக்கும் எண்பது தாண்டியிருக்கும். அடுத்தது கம்யூனிஸ்டுகளை ஒடுக்க 1948இல் தொடங்கிய அவசரகாலம். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத் துரைகள் கொல்லப்பட்டது அந்த ஆண்டு ஜூன் 16இல். காட்டிக்கொடுத்தவர், காட்டிக்கொடுக்கப்பட்டவர் என்று கதை தானாகக் கிளம்பும். ஆனால் பலர் எழுதிவிட்டார்கள்.

நான் எடுத்துக்கொள்வது 1969ஐ. பேசப்படாத காயம் அது. குடியுரிமை இல்லாத தொழிலாளர்கள் வேலை பெர்மிட் எடுத்தே ஆகவேண்டும் என்ற சட்டம் முந்தைய ஆண்டு வந்திருந்தது, 1969இல் அதை இறுக்கினார்கள். பல வருஷம் பால் வெட்டியவர்கள் கையில் சிவப்பு அடையாள அட்டைதான் இருந்தது. மனுப்போட்டிருந்தால் குடிமக்களுக்கான நீல அட்டை கிடைத்திருக்கும் என்ற நிலையில் இருந்தவர்கள்கூட, பாரம் என்கிற விண்ணப்பப் படிவத்தை நிரப்பத் தெரியாமல், யாரிடம் போவது என்று தெரியாமல் விட்டுவிட்டார்கள். பெர்மிட் இல்லாமல் ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். குடும்பங்கள் பாதிப் பாதியாக உடைந்தன.

எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிக்குப் பாரம் நிரப்பிக் கொடுப்பவர் யார்? கிராணி. இங்கேதான் நம் பாவம். 23 வயதுச் சின்னக் கிராணி ஒருவர் பாரத்துக்கென்று ஆளுக்கு இவ்வளவு என்று பணம் வாங்குகிறார். பாரங்களை அனுப்பவே இல்லை. ஆளைக் கொல்லவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. சோம்பல், கொஞ்சம் பேராசை, கேட்பாரில்லை என்ற தைரியம், அவ்வளவுதான். சிறிய தவறு, பெரிய விளைவு. கொடூர வில்லனைவிட இந்த ஆள் கதைக்கு நூறு மடங்கு உபயோகம். குற்ற உணர்ச்சி வேலை செய்ய ஒரு மனசாட்சி வேண்டுமில்லையா? முழு வில்லனுக்கு அது இருக்காதே.

பாரம் போகாததால் ஒரு பால்வெட்டுத் தொழிலாளி நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறுகிறார். "ஆறு மாசத்துல வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர் வரவே இல்லை. மனைவி வருஷா வருஷம் முனியாண்டிக்குச் சுருட்டும் கோழியும் வைத்துக் காத்திருந்து செத்துப்போகிறாள். மகளுக்கு அப்போது கைக்குழந்தைப் பருவம், 1968இல் பிறந்தவள்.

மூன்றாம் படி: செத்தவரையும் கொன்றவரையும் ஒரே தெருவில் வையுங்கள்

கதை 2024இல் நடக்கிறது. கிராணிக்கு 78 வயது, டவுன் கோயிலின் பொருளாளர், ஊரே கும்பிடும் பெரியவர். அந்த மகளுக்கு 56 வயது. இருபது வருஷம் தோட்டத்தில் மருந்து அடித்தாள். இப்போது அதே கோயில் வாசலில் பூவும் கற்பூரமும் விற்கிறாள். அவளிடம்தான் அவர் தினமும் மாலை வாங்குகிறார். "என்னம்மா, வியாபாரம் எப்படி?" என்று கேட்காமல் போகமாட்டார். அவருக்கு அவள் யாரென்று தெரியும். அவளுக்கு அவர் யாரென்று மட்டும்தான் தெரியும். என்ன செய்தார் என்பது தெரியாது.

பாவத்துக்கும் பழிக்கும் நடுவில் 55 வருஷம் ஓடியிருக்கிறது. இவ்வளவு நாள் இல்லாமல் இப்போது ஏன் என்று வாசகர் கேட்பார். நியாயமான கேள்வி. அதற்கு ஒரு தூண்டுதல் வேண்டும், அது சின்னதாக இருந்தால் நல்லது. நான் வைப்பது கும்பாபிஷேகத்தை. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவது. கோயிலோடு தன் வீட்டுக்கும் வெள்ளையடிக்க, கிராணி வீட்டு அலமாரியைக் காலி செய்து பழைய காகிதங்களைக் கோயில் ஸ்டோரில் போடுகிறார். டியூப்லைட்டில்கூட உபயதாரர் பெயர் எழுதும் நம் வழக்கப்படி, புது வளைவில் அவர் பெயர் தங்க எழுத்தில் ஏறுகிறது. எதிரே பூக்கூடையோடு உட்கார்ந்திருப்பவள் தினம் அந்தப் பெயரைப் பார்க்கிறாள். ஒருநாள் பூ மடிக்கப் பழைய காகிதம் கேட்கிறாள். ஸ்டோரிலிருந்து ஒரு கட்டு வருகிறது. நடுவில், மடிப்பு மஞ்சளாகிப்போன ஒரு பாரம். அதில் அவள் அப்பாவின் பெருவிரல் ரேகை.

இந்தக் காட்சியை அவசரப்பட்டு எழுதாதீர்கள். அவளுக்கு மலாய் வாசிக்கத் தெரியும், தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை போனவள். பாரத்தில் எல்லாம் சரியாக நிரப்பப்பட்டிருக்கிறது. அனுப்பிய முத்திரை மட்டும் இல்லை. அவள் ரேகையின் மேல் தன் பெருவிரலை வைத்துப் பார்க்கிறாள். அப்புறம் வாடிக்கைக்காரிக்கு வேறொரு காகிதத்தில் மல்லிகையை மடித்துக் கொடுத்துவிட்டு, சில்லறையைச் சரியாக எண்ணித் தருகிறாள். அழுகை வேண்டாம். வசனமும் வேண்டாம்.

நான்காம் படி: சாவு எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்

தோட்டத்துக் கதை என்றால் களைக்கொல்லி நினைவுக்கு வராமல் இருக்காது. பாராக்குவாட். மலேசியாவில் 2002இல் தடை அறிவித்தார்கள், 2006இல் தளர்த்தினார்கள், கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை வந்தது. ஆகவே 2024இல் யாரிடமாவது இருந்தால் அது பழைய சரக்கு. அதுவே ஒரு தடயம்: பழைய சரக்கு யார் வீட்டில் இருக்கும்?

நான் முதன்முதலில் எழுதிய கதையில் ஒருவரை இந்த மருந்தால் பத்து நிமிடத்தில் சாகடித்தேன். தோட்டத்தில் பல வருஷம் மருந்து அடித்த என் பெரியம்மா படித்துவிட்டுச் சிரித்தார். "சினிமாவுல பாத்தியாடா?" அது அப்படிக் கொல்வதில்லை. ஆள் வாந்தி எடுப்பார், வாயும் தொண்டையும் புண்ணாகும், அப்புறம் கொஞ்சம் தேறினாற்போல் தெரியும். பேசுவார். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, பல நாள் கழித்து மூச்சு நின்றுபோகும். மாற்று மருந்து கிடையாது. ஆஸ்பத்திரியில் சிறுநீரில் ஒரு பொடியைப் போட்டுப் பார்ப்பார்கள், நீலமாக மாறினால் விஷயம் புரிந்துவிடும். புரிந்தும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

துப்பறியும் கதைக்கு இது இரண்டு விதத்தில் உதவுகிறது. குடித்தது ஒரு வெள்ளிக்கிழமை மாலை, இறந்தது ஒன்பதாவது நாள். அதனால் "சம்பவம் நடந்தபோது நான் வேறிடத்தில் இருந்தேன்" என்று யார் சொன்னாலும், எந்தச் சம்பவம், எப்போது என்று கேட்கவேண்டியிருக்கும். இரண்டாவதுதான் பெரிய விஷயம்: அந்த ஒன்பது நாளில் அவர் பேசக்கூடிய நிலையில் இருந்தார். மலேசிய சாட்சியச் சட்டத்தின் 32ஆம் பிரிவுப்படி, தன் சாவுக்குக் காரணம் என்னவென்று இறந்தவர் சொல்லிவிட்டுப் போன வார்த்தை நீதிமன்றத்தில் ஏற்கத்தக்கது. இன்ஸ்பெக்டர் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கிராணி கூரையைப் பார்த்துக்கொண்டு, "என்னத்தையோ சாப்பிட்டுட்டேன் போல" என்கிறார்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் யாரும் குடித்துவிடக்கூடாது என்பதற்காகவே கம்பெனிக்காரர்கள் அதில் நீலப்பச்சைச் சாயமும், குமட்டும் வாடையும், வாந்தி வரவழைக்கும் பொருளும் சேர்த்திருந்தார்கள். காப்பியில் கலந்து கொடுத்தான் என்று எழுதினால் தோட்டத்து வாசகர் புத்தகத்தை மூடிவைப்பார். சரி, அப்படியென்றால் கிராணி எப்படிக் குடித்தார்? எழுதும்போது இந்த இடத்தில் மாட்டிக்கொண்டு ஒரு மாதம் உட்கார்ந்திருந்தேன். கதையின் விடை அந்தச் சிக்கலிலேயே இருந்தது. தெரியாமல் குடிக்க வழியில்லை. அதனால் தெரிந்தே குடித்தார்.

அவள் முனியாண்டி சன்னதியில், இருட்டும் நேரத்தில், பித்தளை டம்ளரில் தீர்த்தம் என்று நீட்டுகிறாள். கொல்லத்தான் நீட்டுகிறாள். அவர் வாங்குகிறார். வாடை அடிக்கிறது. அவளைப் பார்க்கிறார். குடிக்கிறார்.

ஐந்தாம் படி: சாமியை அலங்காரத்துக்கு வைக்காதீர்கள்

கொலைக்கதையில் திருவிழா வந்தால், பெரும்பாலும் தீமிதிக் கூட்டத்தில் ஒருவன் ஓடுவான், போலீஸ் துரத்தும், முடிந்தது. பக்தி அங்கே திரைச்சீலை மட்டும்தான். அதைக் கதையின் பொறிக்குள் கொண்டுவர வேண்டும்.

கற்பூரச் சத்தியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எரியும் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, "நான் செய்யலை" என்று சொல்வது. போலீஸ் விசாரணைக்கு இது ஒரு காசு பெறாது. ஊருக்கு இதுதான் தீர்ப்பு. பொருளாளர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே நிர்வாகக் குழுவில் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டு, எல்லாரும் சத்தியம் செய்யவேண்டும் என்று முடிவாகிறது. வரிசையாக வருகிறார்கள். ஒவ்வொருவரும் வாசலில் கற்பூரம் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார்கள். விற்பவள் அவள். ஐம்பது காசு, ஐம்பது காசு என்று வாங்கிப் போடுகிறாள். அவளைச் சத்தியம் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. துப்பறியும் கதை வாசகர்கள் கில்லாடிகள், ஆனாலும் இந்தக் காட்சியில் அவர்கள் கண் சத்தியம் செய்பவர் கையில்தான் இருக்கும்.

சாமியாடியைப் பற்றி எனக்குக் கறாரான ஒரு கருத்து உண்டு. அவரைப் போலிச் சாமியாராக்கிக் கடைசியில் விலங்கு மாட்டுவது சோம்பேறித்தனம். உண்மையிலேயே சாமி வந்து குற்றவாளியைக் காட்டிக்கொடுப்பதும் ஏமாற்று. நான் வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான்: சாமி வாயிலிருந்து வரும் எந்தத் தகவலும், அந்த ஊரில் யாராவது ஒரு மனிதருக்குத் தெரிந்திருக்கக்கூடியதாக இருக்கவேண்டும். "கடல் தாண்டிப் போனவன் கணக்குக் கேக்குறான்" என்று சாமி சொல்கிறது. அது முனியாண்டியின் குரலா, 1969இல் அதே லயத்தில் இருந்த ஓர் எழுபது வயதுப் பெரியவரின் நினைவா என்பதை வாசகர் முடிவு செய்துகொள்ளட்டும். நீங்கள் முடிவு செய்யாதீர்கள்.

தோட்டத்துத் தமிழர்களில் கத்தோலிக்கர்களும் கணிசம். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் யாரிடமும் சொல்லக்கூடாது என்ற விதி கொலைக்கதைக்காரர்களுக்கு அல்வா மாதிரி. ஆனால் அரைத்த மாவு. முனியாண்டி முன்னால் சொன்ன பாவத்துக்கு அப்படிப் பூட்டு எதுவும் கிடையாது, பக்கத்தில் நின்றவன் எல்லாம் கேட்பான். எனக்கு அதுதான் சுவாரசியம்.

ஆறாம் படி: போலீஸ் நடைமுறை

இங்கே பலர் இந்தியப் படங்களிலிருந்தோ ஆங்கிலத் தொடர்களிலிருந்தோ எடுத்துவிடுகிறார்கள். மலேசியாவில் ஜூரி முறை 1995இல் ஒழிந்தது. கொலை வழக்கு உயர் நீதிமன்றத்தில், நீதிபதி முன்னால் நடக்கும். கடைசி அத்தியாயத்தில் எல்லாரையும் ஓர் அறையில் உட்காரவைத்துக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்தாலும், போலீஸிடம் சொன்ன ஒப்புதலை மட்டும் வைத்து வழக்கை ஜெயித்துவிட முடியாது. கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும். கொலை மாதிரிப் பெரிய குற்றத்துக்கு முதலில் ஏழு நாள், அப்புறம் ஏழு நாள் என்று மொத்தம் 14 நாள் வரை தடுத்து வைக்கலாம்.

இந்த 14ஐ நம் பதினாறாம் நாள் காரியத்தோடு சேர்த்துப் பாருங்கள். இறந்தது முதல் நாள். இரண்டாம் நாள் ஒருவரைப் பிடிக்கிறார்கள். மூன்றாம் நாள் மாஜிஸ்திரேட். அன்றிலிருந்து எண்ணினால் தடுப்புக்காவல் முடிவதும் கருமாதியும் ஒரே நாள். நாவலின் சட்டகமே கையில் கிடைத்துவிட்டது. ஒரு பக்கம் போலீஸ் நிலையத்தில் நாள் எண்ணுகிறார்கள், மறுபக்கம் வீட்டில் விளக்கேற்றி நாள் எண்ணுகிறார்கள். எட்டாம் துக்கத்துக்கு அடுத்த நாள் இரண்டாவது ஏழு நாளுக்கு மனு. பதினாறாம் நாள் காலையில், தவறாகப் பிடிக்கப்பட்ட ஆள் நேராகக் காரிய வீட்டுக்கு வந்து நிற்கிறான். இதை நான் கண்டுபிடிக்கவில்லை, கணக்குத் தானாக அப்படி விழுகிறது.

இன்ஸ்பெக்டர் தமிழராகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. என் கதையில் அவர் கோலாலம்பூரில் வளர்ந்த தமிழ்ப் பெண், தோட்டம் தெரியாது. கூட இருக்கும் மலாய்க்காரக் கார்ப்பரல் தோட்டத்தை ஒட்டிய கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், வளர்ந்தவர், தமிழ் சரளமாகப் பேசுவார். இப்படி நிறையப் பேர் உண்டு. பாட்டிகள் அவரிடம் "தம்பி" என்று மனம்விட்டுப் பேசுவார்கள், இன்ஸ்பெக்டரிடம் "மேடம்" என்று நிறுத்திக்கொள்வார்கள்.

வாக்குமூலம் மலாயில் பதிவாகிறது. இந்த ஒரு விஷயத்திலேயே அரைக் கதை ஒளிந்திருக்கிறது. "அவருக்கு அன்னிக்குச் சாமி வந்துச்சு" என்பது பேய் பிடித்தது என்ற அர்த்தத்தில் மலாயில் இறங்கும். "நாசமாப் போவேன்னு மண்ணை வாரித் தூத்துனேன்" என்று ஒரு கிழவி சொன்னது, காகிதத்தில் மிரட்டலாக மாறி உட்காரும். அந்தக் கிழவி அடுத்த நாள் சந்தேகப்பட்டியலில். மொழிபெயர்ப்பு எங்கே சறுக்கியது என்பதைக் கார்ப்பரல் கண்டுபிடிக்கட்டும்.

ஏழாம் படி: தடயங்கள் வேலையிலிருந்து வரட்டும்

கைரேகை, முடி, கண்காணிப்புக் கேமரா எல்லாம் எந்த ஊர்க் கதையிலும் வரும். எஸ்டேட் டவுனில் மட்டும் கிடைக்கும் தடயம் எது?

பொய்ச் சந்தேகத்துக்கு ஓர் ஆள் வேண்டும். கிராணியின் அண்ணன் மகன், கோயில் கணக்கில் சித்தப்பாவோடு சண்டை போட்டவன். கேட்டால், "வெள்ளிக்கிழமை விடியக்காலையிலேர்ந்து பால் வெட்டிக்கிட்டு இருந்தேன்" என்கிறான். மறுநாள் சனிக்கிழமை சித்தப்பாவை கிளினிக்குக்கு அழைத்துப்போனதிலிருந்து காட்டுப் பக்கமே போகவில்லையாம். சொந்தமாக மூன்று ஏக்கர். இன்ஸ்பெக்டர் அவன் தோட்டத்துக்குப் போய் மரங்களைப் பார்க்கிறார். பட்டையில் வெட்டு இருக்கிறது, பால் பிடிக்கும் மங்கு இருக்கிறது, எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. கூட வந்த கார்ப்பரல் வெட்டுக் கோட்டில் நகத்தை வைத்து இழுக்கிறார். காய்ந்த ரப்பர் நாடா மாதிரி, நீளமாக, உரிந்து வருகிறது. ஒட்டுப்பால்.

பால் வெட்டுகிறவர் மரத்தடிக்கு வந்ததும் முதலில் செய்வது, போன வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் அந்த நாடாவை உரித்து எடுப்பது. அப்புறம்தான் உளி வைப்பார். அன்றைக்கு வெட்டியதில் காய்ந்தது ஒரே ஒரு மெல்லிய வெள்ளை நாடாவாக இருக்கும். இங்கே உரிந்தது கறுத்து, பூசணம் பூத்துக் கிடக்கிறது. கோட்டின் கீழே பட்டைச் சீவலும் புதிதாக இல்லை. இவன் அந்த வெள்ளிக்கிழமை வெட்டவில்லை, அதற்கு முன் பல நாளாகவும் வெட்டவில்லை. சீனர் கடைக் கணக்குப் புத்தகமும் அதையே சொல்கிறது: மூன்று வாரமாக அவன் பெயரில் ஒரு கிலோகூட இல்லை. பொய் பிடிபட்டது, ஆளைப் பிடித்தார்கள். அவன் எதை மறைத்தான் என்பது உங்கள் இஷ்டம். சூதாட்டம், வேறொரு வீடு, எதுவாகவும் இருக்கலாம். கொலையை மட்டும் மறைக்கவில்லை.

இந்தத் தடயம் நியாயமாக இருக்கவேண்டுமானால், இரண்டாம் அத்தியாயத்திலேயே யாராவது ஒருவர் ஒட்டுப்பாலை உரித்துவிட்டு வெட்டுவதை வாசகர் பார்த்திருக்கவேண்டும். சும்மா போகிற போக்கில், வேறு பேச்சுக்கு நடுவில்.

உண்மையான தடயம் இதைவிடச் சின்னது. சன்னதியில் முனியாண்டியின் அரிவாளுக்குக் கீழே கிராணியின் கோயில் சாவிக்கொத்தும் மூக்குக்கண்ணாடியும் கிடந்தன என்று முதல் அத்தியாயத்தில் எழுதுகிறீர்கள். வாந்தி வந்து தடுமாறியபோது விழுந்திருக்கும் என்று எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். பூசாரிப் பையன் எடுத்து வைத்ததோடு சரி. பதினைந்தாம் நாள் இன்ஸ்பெக்டர் அவனிடம் மறுபடி கேட்கிறார்: "எப்படிக் கிடந்துச்சு?" அவன் சொல்கிறான்: "கண்ணாடி மடிச்சிருந்துச்சு மேடம். சாவி மேல வச்சிருந்தாரு." தடுமாறி விழுகிறவர் கண்ணாடியை மடிக்கமாட்டார். டம்ளரை வாங்கியதற்கும் குடித்ததற்கும் நடுவில், கோயில் பொறுப்பைச் சாமியிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் அவர் குடித்திருக்கிறார்.

எட்டாம் படி: மௌனத்தின் விலையைச் சட்டத்தால் எழுதுங்கள்

குற்றவியல் தண்டனைச் சட்டத்தின் 302ஆம் பிரிவுக்கு முன்பெல்லாம் தூக்கு மட்டும்தான். 2023 ஜூலை 4 முதல் நீதிபதி தூக்கும் விதிக்கலாம், 30 முதல் 40 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். 56 வயதுப் பெண்ணுக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் அதே சட்டத்தின் 300ஆம் பிரிவில் ஐந்தாவது விதிவிலக்கு ஒன்று இருக்கிறது: 18 வயதுக்கு மேற்பட்ட ஒருவர் தன் சாவுக்குத் தானே சம்மதித்திருந்தால் அது கொலைக் குற்றமாகாது, அதைவிடக் குறைந்த குற்றம். தெரிந்துதான் குடித்தேன் என்று கிராணி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவள் கழுத்திலிருந்து கயிறு இறங்கியிருக்க வாய்ப்புண்டு. அவர் சொல்லவில்லை. அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து, அவள் பெயரையே எடுக்காமல், ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டு செத்தார். 55 வருஷத்துக்கு முன்னால் ஒரு காகிதத்தை அனுப்பாமல் அவள் அப்பாவை அனுப்பினார், இப்போது ஒரு வார்த்தையைச் சொல்லாமல் மகளை அனுப்பப் போகிறார். இரண்டு முறையும் அவர் செய்த குற்றம், ஒன்றும் செய்யாமல் இருந்ததுதான்.

இதை எந்தப் பாத்திரமும் வாயால் சொல்லக்கூடாது. மடித்த கண்ணாடியைச் சாட்சியாக்க முடியுமா என்று இன்ஸ்பெக்டர் அரசு வழக்கறிஞரிடம் கேட்கும் காட்சி போதும். வழக்கறிஞர் பதில் சொல்லும் முன் அத்தியாயத்தை முடித்துவிடுங்கள்.

ஒன்பதாம் படி: யாரிடம் படிக்கக் கொடுப்பது

எழுதி முடித்ததும் எழுத்தாளர்களிடம் கொடுக்காதீர்கள், அவர்கள் நடையைப் பற்றிப் பேசுவார்கள். சட்டப் பகுதியை ஒரு வழக்கறிஞர் பார்க்கட்டும். பால்வெட்டுப் பகுதியை இன்னும் உளி பிடிக்கிற ஒருவர் பார்க்கட்டும். எங்கள் மொழியில் "தீம்பார்", "பெரட்டு", "மங்கு" என்று எழுதும்போது அடிக்குறிப்புப் போடாதீர்கள். விடியக்காலையில் வேலை பிரிக்கப் பெரட்டுக்கு ஆள் நிற்பதைக் காட்டினால் வாசகருக்குப் புரிந்துவிடும்.

நான் மறுபடியும் பெரியம்மாவிடம்தான் கொடுத்தேன். இரண்டு வாரம் வைத்திருந்தார். கிராணி பற்றியோ சட்டம் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஏன்டா, மருந்தை ஊத்துன கையில மறுநாளு பூக் கட்டுறா. அந்த வாடை லேசுல போவுமா? மல்லிப்பூ வாங்குறவ மோந்து பாத்துத்தானே வாங்குவா?" என்று கேட்டார்.

மூன்றாம் அத்தியாயத்தை முழுக்க மாற்றி எழுதவேண்டியதாயிற்று. இப்போது அதில் ஒரு வாடிக்கைக்காரி பூவை வாங்கி முகர்ந்துவிட்டு, ஒன்றும் பேசாமல் காசைக் கொடுத்துவிட்டுப் போகிறாள்.